கஞ்சித் தொட்டி முதல் சுனாமிக் குடியிருப்பு வரை: வடசென்னையின் இடப்பெயர்வுகள்

ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் முதியவர் ஒருவரிடம் ஸ்டான்லி மருத்துவமனைக்கு வழி கேட்டால், 'கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரிதானே?' என்று திருப்பிக் கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார். பெயர்ப்பலகையில் இல்லாத இப்பெயர் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் நாவில் வாழ்ந்து வருகிறது. 1782-ஆம் ஆண்டில், பசித்து வந்தோருக்குக் கஞ்சி ஊற்றுவதற்கென்று ஊர் மணியக்காரர் ஏற்படுத்திய சத்திரமே இதன் மூலம். மணியக்காரர் சத்திரம் என்பது ஆங்கிலேயர் வாயில் 'மானிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. 1799-ல் ஜான் அண்டர்வுட் என்னும் கம்பெனி மருத்துவர் அச்சத்திர வளாகத்தில் ஒரு மருத்துவமனையைத் தொடங்கினார். பிற்காலத்தில் மருத்துவக் கல்லூரி வந்தது, ஆளுநர் ஸ்டான்லியின் பெயரும் வந்தது. ஆயினும் கஞ்சித் தொட்டி என்ற பெயர் போகவில்லை.

அந்தத் தொட்டியின் முன் நின்றவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள், பின்னர் எங்கே போனார்கள் என்ற வினாக்களே இக்கட்டுரைக்குத் தூண்டுகோல். நாம் வடசென்னையில் தமிழ் பயிற்றுவித்து வருகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் சேர்க்கை நாளொன்றில் விண்ணப்பங்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் படிவம் கைக்கு வந்தது. 'நிரந்தர முகவரி' என்ற கட்டத்தில் ஒரு குப்பத்தின் பெயரை எழுதி, அடித்து, அதன்மேல் சுனாமிக் குடியிருப்பின் தொகுதி எண்ணை எழுதி, அதையும் பாதி அடித்திருந்தாள். "இதுல எதும்மா நிரந்தரம்?" என்று கேட்டோம். "ரெண்டும் இல்ல சார். ஆனா ஏதாச்சும் எழுதணுமே" என்றாள்.

பருவநிலை மாற்றத்தால் மக்கள் இடம்பெயர்வது பற்றி இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். 'சுற்றுச்சூழல் அகதிகள்' என்ற சொல்லை 1985-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்புக்காக எஸ்ஸாம் எல்-ஹின்னாவி எழுதிய அறிக்கை பரவலாக்கியது. உலகின் ஆறு பெரும் வட்டாரங்களில் 2050-க்குள் 21.6 கோடிப் பேர் வரை தத்தம் நாட்டுக்குள்ளேயே இடம்பெயர நேரலாம் என்று உலக வங்கி 2021-ல் மதிப்பிட்டது. இத்தகைய எண்களைப் படிக்கையில், இது எதிர்காலத்தில் எங்கோ ஒரு தீவில் நிகழப்போவது போன்ற எண்ணம் நமக்கு ஏற்படுகிறது. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரையிலான கரைக்கோ இது பழைய கதை. வானமும் கடலும் தந்த அடியை யார்மேல் விழச் செய்வது என்பதை இங்கே ஒவ்வொரு முறையும் மனிதரின் முடிவே தீர்மானித்திருக்கிறது என்பதே நாம் இங்குச் சொல்ல விழைவது.

*

1782-ன் பஞ்சத்துக்கு வானம் மட்டுமே காரணமன்று. 1780-ல் ஹைதர் அலியின் படை கர்நாடகப் பகுதிக்குள் இறங்கியது. கம்பெனிக்கும் மைசூருக்கும் நடந்த போரில் வயல்கள் தீக்கிரையாயின, ஏரிகள் உடைந்தன, கால்நடைகள் ஓட்டிச் செல்லப்பட்டன. உழவர்கள் கோட்டை இருந்த திசை நோக்கி ஓடிவந்தார்கள். போரும் பசியும் ஒன்றையொன்று வளர்த்த அந்நாளில்தான் கறுப்பர் நகரின் வடக்கே கஞ்சித் தொட்டி எழுந்தது. நகரம் தன் வடபுறத்தை அபயம் தேடி வருவோர்க்கு ஒதுக்கும் வழக்கம் அப்போதே தொடங்கிவிட்டது எனலாம்.

அடுத்த பேரலை 1876-ல் வந்தது. தாது வருஷத்துப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்போம். 1876-ல் பருவமழை பொய்த்தது. 1877-லும் வறட்சி நீடித்தது. பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்துக்கு மாறாக வெப்பமுறும் எல் நினோ என்னும் நிகழ்வு அவ்வாண்டுகளில் மிகக் கடுமையாக இருந்தது என்பதைப் பிற்கால அறிவியல் கண்டுசொல்லியது. சேலத்திலும் பெல்லாரியிலும் வட ஆற்காட்டிலும் நிலத்தை நம்பியிருந்தவனுக்குப் பசிபிக் கடல் என்று ஒன்று உண்டென்பதே தெரிந்திருக்காது.

தென்னிந்தியாவில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் அப்பஞ்சத்தில் மாண்டனர் என்பது பொதுவான மதிப்பீடு. இதில் நாம் நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அரிசி இல்லாமல் போகவில்லை. பர்மாவிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் கப்பல்களில் வந்த மூட்டைகள் மதராஸ் கடற்கரையில் குவிந்தன. 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ஓடத் தொடங்கிய தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இருப்புப் பாதை, அதற்குள் நெடுந்தூரம் கிளைத்திருந்தது. தானியமும் இருந்தது, அதைக் கொண்டு செல்ல வண்டியும் இருந்தது. விலை மட்டும் எட்டாத உயரத்தில் நின்றது. தானிய வணிகத்தில் அரசு தலையிடலாகாது என்பது வைஸ்ராய் லிட்டனின் கொள்கை. அவர் அனுப்பிய ரிச்சர்டு டெம்பிள் 1877-ன் தொடக்கத்தில் மதராஸ் வந்து, நிவாரணப் பணியில் கல் உடைக்கும் ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஓர் அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ், இதில் உயிர் தங்காது என்று எதிர்த்து வாதிட்டார். 'மெட்ராஸ் டைம்ஸ்' இதழாசிரியர் வில்லியம் டிக்பி இவ்வழக்கையெல்லாம் 1878-ல் இரண்டு தொகுதிகளாக எழுதி வைத்தார்.

ஊரை விட்டு வந்தவர்கள் நகரைச் சுற்றிய முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களது உழைப்பில் உருவான பணிகளுள் ஒன்று பக்கிங்காம் கால்வாயின் நகரப்பகுதி. இக்கால்வாயின் வடபகுதி அதற்கு முன்பே இருந்தது. பேசில் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்தியர் மதராசுக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டுவித்த அக்கால்வாய் 1806-ல் முடிந்தது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்த பகுதியைத்தான் 1877-78-ல் பஞ்சக் கூலிகள் தோண்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரால் கால்வாய் முழுமையும் அழைக்கப்படலாயிற்று. தோண்டியவர்களின் பெயர் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கால்வாயை வாசக நண்பர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டுகிறோம். 2023-க்கு வரும்போது அது மீண்டும் வரும்.

பஞ்சத்தில் பிழைத்தவர்களில் ஒரு பகுதியினர் திரும்பிப் போகவில்லை. வேறொரு பகுதியினர் கப்பலேறினார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும் மலேயாவுக்கும் பர்மாவுக்கும் தமிழர் ஆயிரக்கணக்கில் சென்றதில் வறட்சிக்குப் பெரும்பங்கு உண்டு. 1962-ல் பர்மாவில் நெ வின் ஆட்சியைப் பிடித்து, அடுத்த ஆண்டுகளில் கடைகளையும் தொழில்களையும் நாட்டுடைமையாக்கியபோது, அவர்களின் பேரப்பிள்ளைகள் மூட்டை முடிச்சுகளோடு இதே சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கினார்கள். பாட்டனைத் துரத்தியது மழையின்மை என்றால் பேரனைத் துரத்தியது அரசியல். வந்தவர்களுக்கு வாழ்விடமாகக் கிடைத்தவற்றுள் வியாசர்பாடி போன்ற வடசென்னைப் பகுதிகள் முக்கியமானவை.

*

பஞ்சம் தொடங்கிய அதே காலத்தில் ராயபுரத்துக்குத் தெற்கே வேறொரு வேலையும் தொடங்கியிருந்தது. மதராசுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் ஆழ்கடலில் நிற்க, மசூலாப் படகுகள் அலைகளைக் கடந்து சென்று சரக்கையும் மக்களையும் கரைசேர்க்கும். அப்படகோட்டிகளின் குடியிருப்பே ராயபுரம். இராயப்பர் என்பது புனித பேதுருவின் தமிழ்ப்பெயர். 1829-ல் எழுந்த அவர்களது தேவாலயம் இன்றும் அங்கே நிற்கிறது. 1861-ல் இரும்புத் தூண்கள் மேல் ஓர் இறங்குதுறை கட்டினார்கள். தூண்களுக்கு இடையே நீரும் மணலும் தடையின்றிப் போய்வந்தன. 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டியதோ வேறு வகைத் துறைமுகத்துக்கு. வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளர் வகுத்த திட்டப்படி, கரையிலிருந்து கடலுக்குள் நீளும் இரண்டு கற்கரங்கள் எழுந்தன. 1881 நவம்பர்ப் புயல் அவற்றைப் பிளந்தெறிந்தது. மீண்டும் கட்டினார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகத் தலைவராயிருந்த காலத்தில் வாயில் வடகிழக்குக்கு மாற்றப்பட்டு, தடுப்புகள் மேலும் நீண்டன. 1970-களில் பாரதி கப்பல்துறையும் வெளித் தடுப்பும் சேர்ந்தன.

நம் கிழக்குக் கடற்கரையில் மணல் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் அலைகள் கரையைச் சாய்வாகத் தாக்கி மணலை வடக்கே தள்ளுகின்றன. வாடைக் காலத்தில் அதில் ஒரு பங்கு தெற்கே திரும்புகிறது. ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் வடக்கே போவதே மிகுதி. குறுக்கே கற்சுவர் ஒன்றை நிறுத்தினால் மணல் சுவருக்குத் தெற்கே தங்கிவிடும். வடக்கே உள்ள கரைக்கு வரவு நின்றுபோகும். அலை வழக்கம்போல் மணலை எடுத்துச் செல்லும், ஈடு செய்ய ஒன்றும் வராது. ஒரு காலத்தில் புனித ஜார்ஜ் கோட்டை மதில்வரை வந்த கடல் பின்வாங்கி, தெற்கே மெரினா அகன்று விரிந்தது இதனால்தான். கிராண்ட் டப் 1880-களில் உலாவும் சாலை அமைத்து அதற்கு இத்தாலியப் பெயர் சூட்டினார். அதே கணக்கின் மறுபக்கம் ராயபுரத்துக்கு வடக்கே எழுதப்பட்டது. அங்கே கடல் சில நூறு மீட்டர் உள்ளே வந்துவிட்டது. மெரினாவில் நாம் காலாற நடக்கும் மணலில் ஒரு பகுதி, காசிமேட்டுக்கும் திருவொற்றியூருக்கும் போய்ச் சேர்ந்திருக்க வேண்டிய மணல்.

இதில் ஒரு நுட்பம் உண்டு. கடலரிப்பு ஒரே நாளில் ஊரை அழிப்பதில்லை. முதலில் வலை உலர்த்தும் இடம் போகும். அடுத்து கட்டுமரத்தை ஏற்றி வைக்கும் மணல்மேடு போகும். பிறகு, அகன்ற கரை இருந்தால்தான் இழுக்க முடிகிற பெரியவலை தானாகவே நின்றுபோகும். அப்புறம் கடலை நோக்கிய முதல் வரிசை வீடுகள், சிறு கோயில், அடுத்த வரிசை. புயலடித்துக் கூரை பறந்தால் நிவாரணப் பட்டியலில் பெயர் ஏறும். இப்படிச் சிறுகச் சிறுக இழப்பவனுக்குப் பட்டியல் கிடையாது. அவன் உறவினர் வீட்டுக்குப் போவான், உள்ளே தள்ளி வாடகைக்கு இருப்பான், கடலைவிட்டு லாரி ஏற்றும் வேலைக்குப் போவான். இடம்பெயர்ந்தவன் என்று அவனை யாரும் எண்ணுவதில்லை, அவனும் எண்ணிக்கொள்வதில்லை.

எஞ்சிய கரையைக் காக்க எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டிக் கருங்கற்களைக் கொட்டினார்கள். பின்னர் தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். வளைவின் தெற்கே சிறிது மணல் சேர்ந்து ஒரு குப்பம் மூச்சுவிடும்போது, வடக்கே அடுத்த குப்பத்தின் கரை கரையும். 'எங்க ஊருக்கும் ஒரு வளைவு வேணும்' என்ற கோரிக்கை அடுத்தடுத்த ஊருக்கு நகரும். 2001-ல் எண்ணூர்த் துறைமுகமும் பின்னர் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தபோது, இதே கணக்கு பழவேற்காட்டுத் திசையில் மேலும் வடக்கே சென்றது.

*

2004 டிசம்பர் 26-ன் ஆழிப்பேரலைக்கும் பருவநிலைக்கும் தொடர்பில்லை. அது கடலடி நிலநடுக்கத்தின் விளைவு. ஆயினும் நம் பொருளுக்கு அது இன்றியமையாதது. கரையை இழந்து, கடலுக்கும் சாலைக்கும் இடையே ஒட்டிக்கொண்டிருந்த குப்பங்களுக்கு அலையைத் தணிக்க மணற்பரப்பே இருக்கவில்லை. அதன்பின் நிகழ்ந்த மறுகுடியேற்றமோ, பருவநிலையால் பெயர்க்கப்படுவோரை நம் சமூகம் எப்படி நடத்தும் என்பதற்கு முன்னோட்டம்.

திருவொற்றியூர் கார்கில் நகரில் தார் அட்டைக் கொட்டகைகள் எழுந்தன. கோடையில் அவை உலையாகக் கொதித்தன. 2005-ன் பருவமழையில் அவற்றுள் தண்ணீர் புகுந்தது. எர்ணாவூர் முகாம்களில் தங்கியிருந்த பெண்கள் பலர் கடனை அடைக்கத் தம் சிறுநீரகத்தை விற்ற செய்தி 2007 ஜனவரியில் நாளேடுகளில் வெளிவந்தபோது தமிழகம் ஒரு வாரம் அதிர்ந்தது. 'பாதுகாப்பின்மை' என்ற சொல்லைக் கருத்தரங்குகளில் எளிதாகக் கையாள்கிறோம். அதன் பொருள் என்ன என்று எவரேனும் கேட்டால் அந்தச் செய்தியைத்தான் காட்ட வேண்டும். வீடு போனது ஓர் இழப்பு. கடலிலிருந்து விலக்கப்பட்டதால் தொழில் போனது. தொழில் போனதால் கடன் வந்தது. கடனுக்கு ஈடாக வைக்க உடம்பு மட்டுமே மிஞ்சியது.

பின்னர் எர்ணாவூரில் அடுக்குமாடிச் சுனாமிக் குடியிருப்புகள் வந்தன. கூரை உறுதியானது, மறுப்பதற்கில்லை. ஆனால் மீன்பிடித் தொழில் நேரத்தோடு கட்டியது. கொண்டல் திரும்புவதையும் நீரின் நிறம் மாறுவதையும் கரையில் நின்று கண்டால்தான் எப்போது வலை ஏற்றுவது என்று தெரியும். மூன்றாம் மாடியில் இருப்பவனுக்கு அது தெரியாது. மீன் விற்கும் பெண்ணுக்கு விடியற்காலையில் ஏலத்துக்கு வந்துசேர ஆட்டோக் கூலி வேண்டும். அதனால் பலர் மாடி வீட்டுக்கும் குப்பத்துக்குமாக இரண்டு இடத்தில் வாழ்கிறார்கள். முன்னர்ச் சொன்ன மாணவியின் படிவத்தில் இரண்டு முகவரிகளும் அடிபட்டிருந்ததன் பொருள் இதுவே.

*

இனி அந்தக் கால்வாய். 2023 டிசம்பர் 3, 4 ஆகிய நாட்களில் மிக்ஜாம் புயல் சென்னைக்கு அருகே கடலில் மெல்ல நகர்ந்தபோது நகரின் சில பகுதிகளில் 40 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ஒரு புயலுக்குப் புவி வெப்பமே காரணம் என்று ஒற்றை வரியில் சொல்லிவிட இயலாது. ஆனால் ஒரு பாகை வெப்பம் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும் என்பது இயற்பியல். வெப்பமான கடல் புயலுக்கு ஊட்டம் தருகிறது. 1901 முதல் 2018 வரை உலகின் சராசரிக் கடல்மட்டம் 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது என்பதால், வெள்ளம் வடியும் வாய்ப்பும் தாழ்கரைகளில் குறைகிறது.

அந்த வெள்ளத்தில் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பகுதியிலிருந்து வெளியேறிய எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே கொசஸ்தலையாற்றின் கழிமுகத்தை அடைந்தது. எர்ணாவூர்ப் பகுதித் தெருக்களில் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் புகுந்தது. எண்ணூர்க் காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், முகத்துவாரக்குப்பம், தாழங்குப்பம், நெட்டுக்குப்பம் ஆகிய ஊர்களின் படகுகளும் வலைகளும் கறுத்துப் பிசுபிசுத்தன. மீனவர்களே வாளியும் முறமும் கொண்டு எண்ணெயை அள்ளினார்கள். பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கை எடுத்தது. அந்த ஈரம் காயுமுன் டிசம்பர் 26 நள்ளிரவில் பெரியகுப்பம் அருகே உரத்தொழிற்சாலை ஒன்றின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். சுனாமி வந்த நாளின் பத்தொன்பதாம் நினைவு நாள் அது.

கடலிலிருந்து காப்பாற்றுவதற்காக எவரை எர்ணாவூருக்குக் கொண்டுபோனோமோ அவர்கள் இருந்த வட்டாரத்தையே ஆற்றுவெள்ளம் சூழ்ந்தது. 1782-ல் தஞ்சம் கொடுத்த வடபுறம் இன்று பெயர்க்கும் வடபுறமாகிவிட்டது. தாழ்நிலம் விலை மலிவு. மலிவான நிலத்தில்தான் ஆலையும் வரும், மறுகுடியேற்றமும் வரும். 1970-ல் எண்ணூர் அனல்மின் நிலையமும் 1990-களில் வடசென்னை அனல்மின் நிலையமும் வந்தன. அவற்றின் சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆற்றின் ஆழத்தைக் குறைத்தது. நகருக்கு வெளிச்சம் தந்த நிலக்கரிப் புகை வானை வெப்பமாக்குவதில் தன் பங்கைச் செய்தது. அதன் விளைவாய் வரும் வெள்ளத்தை முதலில் ஏற்பவர்கள் அந்தப் புகைபோக்கியின் நிழலில் இருப்பவர்களே.

*

சட்டம் இவர்களை என்னவென்று அழைக்கும்? 1951-ன் அகதிகள் உடன்படிக்கை இனம், சமயம், குடியுரிமை, சமூகப் பிரிவு, அரசியல் கருத்து ஆகியவற்றின் பொருட்டுத் துன்புறுத்தலுக்கு அஞ்சி நாட்டைக் கடந்தவரையே அகதி என்கிறது. கிரிபாத்தித் தீவைச் சேர்ந்த தெய்தியோத்தா என்பவர் நியூசிலாந்தில் புகலிடம் கேட்டுத் தோற்று, ஐ.நா. மனித உரிமைக் குழுவை அணுகினார். 2020 ஜனவரியில் வெளியான முடிவும் அவருக்குச் சாதகமாக இல்லை. ஆயினும் பருவநிலையால் உயிருக்கு ஆபத்துள்ள இடத்துக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது அவரது வாழ்வுரிமையை மீறக்கூடும் என்று அக்குழு ஏற்றது. திருவொற்றியூர்க் குப்பத்தான் எந்த எல்லையையும் கடக்கவில்லை. அவனுக்கு அந்தச் சிறு வாசலும் இல்லை.

நம் இலக்கியத்துக்கு இந்நிலை புதிதன்று. தொல்காப்பியம் பாலைக்குத் தனி நிலம் வகுக்கவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்தால் பாலை பிறக்கும் என்று இளங்கோவடிகள் விளக்கினார். அந்தத் திரிந்த நிலத்துக்கு நம் முன்னோர் வைத்த உரிப்பொருள் பிரிவு. நிலம் திரிந்தால் மனிதர் பிரிவர் என்பதை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதாகத் தெரியவில்லை. நெய்தலும் அவ்வாறு திரியக்கூடும் என்று மட்டும் அவர்கள் எண்ணவில்லை போலும். கடல்கோளை அறிந்திருந்தார்கள். காவிரிப்பூம்பட்டினம் கடல்கொண்டதை மணிமேகலை பேசுகிறது. அப்பட்டினத்தின் பெயரைத் தாங்கிய பட்டினத்தார் சமாதியானதாக மரபு கூறும் இடமும் இதே திருவொற்றியூர்க் கடற்கரைதான். பூம்புகாரைக் கொண்டது தெய்வத்தின் சினம் என்று கதை சொன்னோம். ராயபுரத்துக்கு அப்படி ஒரு கதை சொல்ல வழியில்லை. அந்தச் சுவரைக் கட்டிய ஆண்டு நமக்குத் தெரியும், அது நிறுத்திய மணல் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும்.

ஆகவே 'இயற்கைச் சீற்றம்' என்று எழுதுமுன் ஒரு கணம் தயங்க வேண்டும் என்றே தோன்றுகிறது. மழை பொய்த்தது இயற்கை. கடற்கரையில் மூட்டை இருந்தும் கஞ்சி ஒரு பவுண்டானது முடிவு. அலை இயற்கை, சுவர் முடிவு. புயல் இயற்கை, எண்ணெய் முடிவு. கடல் இன்னும் உயரும் என்பதில் ஐயமில்லை. அப்போது எடுக்கப்போகும் முடிவுகளில் குப்பத்து மக்களின் குரலுக்கு இடமுண்டா என்பதே கேள்வி. எந்தக் கரையில் வளைவு, எந்த நிலத்தில் வீடு, கடலுக்கு எவ்வளவு தொலைவில் என்பவற்றை அவர்களைக் கேளாமல் தீர்மானித்ததன் விலையை இருநூற்று நாற்பது ஆண்டுகளாகப் பார்த்துவிட்டோம்.

அன்று அந்த மாணவி கடைசியில் குப்பத்தின் பெயரையே மீண்டும் எழுதினாள். அஞ்சல் அங்கே போனால் கிடைக்குமா என்று கேட்டோம். "ஊர்ல யார்கிட்ட குடுத்தாலும் குடுத்துடுவாங்க சார்" என்றாள். கையொப்பமிட்டு வாங்கி வைத்துக்கொண்டோம்.